இரும்பு ஷெட்டை யாரிடம் வாங்குவது?

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று மரபு நெல் போடும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், ஷெட் போட சதுர அடிக்கு எவ்வளவு ஆவும்?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. அறுத்த கையோடு களத்திலேயே விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. நாலு மாதம் வைத்திருந்து நெல்லை அரிசியாக்கி, மல்லாட்டையை எண்ணெயாக்கி விற்றால்தான் கையில் நாலு காசு நிற்கும். அதற்கு வைக்க இடம் வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடாமல் தானியத்தைக் காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு அந்த இடம் ஈரமில்லாமல், காற்றோட்டமாக, எலி நுழையாததாக இருந்தே ஆக வேண்டும்.

இதற்கு இன்று பலரும் நாடுவது பி.இ.பி. எனப்படும் முன்வடிவமைத்த இரும்புக் கட்டடம். தூண், உத்தரம், பர்லின், ஷீட் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே அளவெடுத்து வெட்டி, துளை போட்டு, லாரியில் கொண்டுவந்து நம் நிலத்தில் போல்ட் போட்டு நிறுத்திவிடுவார்கள். நடுவில் தூண் இருக்காது. டிராக்டர் நேராக உள்ளே போய்த் திரும்பலாம். அடித்தளம் தயாராக இருந்தால் சில நாட்களில் நின்றுவிடும்.

விற்க வருகிறவர்கள் நிறைய. அவர்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் சிக்கல். நம் கடலூர் மாவட்டத்துக்கு என் பதில் ஒன்றுதான். "சதுர அடி எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "எந்தக் காற்றுக்கு வடிவமைத்தீர்கள்? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களிடம் விலை பேசினால் போதும்.

காற்றுக் கணக்கு

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வேகம் என்று வானிலைத் துறை பதிவு செய்திருக்கிறது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வானிலைத் துறை சொல்வது சில நிமிடங்களுக்கான சராசரி வேகம். இடையிடையே சில வினாடிகள் அடிக்கும் வீச்சு அதைவிடக் கூடுதல். கூரையைப் பிய்ப்பது அந்த வீச்சுதான்.

கட்டடங்களுக்கான காற்றுச் சுமையைக் கணக்கிட இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிநூல் ஒன்று இருக்கிறது: ஐ.எஸ். 875, பகுதி 3. கடைசியாகத் திருத்தப்பட்டது 2015-இல். ஊர் வாரியாக அடிப்படைக் காற்று வேகம் அதில் இருக்கிறது. கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் வினாடிக்கு 39 மீட்டர். திருச்சிக்கு 47. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் 50, அதாவது மணிக்கு 180 கி.மீ. நாம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். 50-ஐத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

39-க்கும் 50-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 39-க்கு ஏறத்தாழ 913. நம் கணக்கில் 93 கிலோ. 50-க்கு 1,500, அதாவது 153 கிலோ. வேகம் 28 விழுக்காடு கூடினால் சுமை 64 விழுக்காடு கூடுகிறது. கொங்கு நாட்டில் ஆண்டுக்கணக்காக அசையாமல் நிற்கும் ஒரு ஷெட்டின் அதே வரைபடத்தை இங்கே கொண்டுவந்து நட்டால் அது நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ.க்குள் உள்ள பகுதியைப் புயல் பகுதியாக எடுத்துக்கொண்டு, தொழிற்கூட வகைக் கட்டடங்களுக்கு வேகத்தை 1.15 மடங்காக வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறது 2015 விதிநூல். நெய்வேலி, குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி எல்லாம் அந்த 60 கி.மீ.க்குள் வருகின்றன. நம் கிடங்கை எந்த வகையில் சேர்த்தார்கள், இந்தக் காரணியை எடுத்தார்களா, இல்லையென்றால் ஏன் என்று கேட்கலாம். தெரிந்தவர் பதில் சொல்வார். தெரியாதவர், "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது சார், நாங்க எத்தனை ஷெட் போட்ருக்கோம்" என்பார்.

கூரையைத் தாங்குவதைவிடக் கட்டிப் பிடிப்பதே வேலை

தூண் எதற்கு என்றால் கூரையைத் தாங்க என்போம். ஓட்டு வீட்டுக்கு அது சரி. தகர ஷெட்டில் புயல் நேரத்தில் தூணின் வேலை, கூரை பறந்துவிடாமல் பிடித்துக்கொள்வது. கூரைமேல் ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். அரை மி.மீ. ஷீட்டின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோகூட இருக்காது.

40-க்கு 60 அடி கிடங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2,400 சதுர அடி. 223 சதுர மீட்டர். கூரை முழுக்கச் சராசரியாக மேலே சொன்ன 153 கிலோவில் பாதி உறிஞ்சல் இருந்தாலும் மொத்தம் 17 டன் மேலே இழுக்கிறது. கட்டடத்தின் மொத்த இரும்பே 10 டன்னுக்குள் இருக்கும். 8 தூண் என்றால் தூணுக்கு 2 டன்னுக்கு மேல் இழுவை. இரும்பின் எடை ஒரு டன்னைக் கழித்தாலும் மிச்சம் ஒரு டன்னுக்கு மேல். மேஸ்திரி வழக்கமாகப் போடும் இரண்டுக்கு இரண்டு அடி, இரண்டரை அடி ஆழக் குழியில் 10 கன அடி கான்கிரீட் கொள்ளும். அதன் எடை 700 கிலோவைத் தாண்டாது. ஐப்பசி மழையில் ஊறிப்போன மண்ணை நம்பி மீதியை விட முடியுமா?

பாதி என்பது சராசரிக்காக எடுத்துக்கொண்டது. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இதைவிட அதிகம். அதனால்தான் புயலில் முதலில் பிய்வது மூலை ஷீட். ஓரத்தில் ஸ்குரூ நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு பக்கம் திறந்த ஷெட் என்றால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். மூடிய கிடங்கிலும் ஷட்டர் பிய்ந்தால் இதே கதைதான். "ஷட்டரும் அதே காற்றுக்கு நிற்குமா?" என்று தனியாகக் கேளுங்கள்.

அடித்தளத்தில் ஒரு பொறுப்புச் சிக்கலும் இருக்கிறது. பெரும்பாலான கொட்டேஷன்களில் அடித்தளம் நம் பொறுப்பு. கம்பெனி ஆங்கர் போல்ட்டும் அதை வைக்கும் வரைபடமும் தரும். குழி வெட்டிக் கான்கிரீட் போடுவது நம்மூர் மேஸ்திரி. நாளைக்குத் தூண் பெயர்ந்தால் கம்பெனி மேஸ்திரியைக் காட்டும். மேஸ்திரி கம்பெனியைக் காட்டுவார். அதனால் ஒவ்வொரு தூணுக்கும் கீழ்நோக்கி எவ்வளவு, மேல்நோக்கி எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு விசை வரும் என்ற அட்டவணையைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து ஒரு கட்டமைப்புப் பொறியாளர் அடித்தளத்தை வரைந்து தரட்டும். நெய்வேலி, பண்ருட்டிச் செம்மண்ணும் சேத்தியாத்தோப்பு, புவனகிரிக் களிமண்ணும் ஒன்றல்ல. ஒரே அடித்தளம் இரண்டுக்கும் பொருந்தாது.

யார் யார் விற்கிறார்கள்?

மூன்று வகை. முதலாவது கிர்பி, இன்டர்ஆர்க், பென்னார், டாடா புளூஸ்கோப் போன்ற பெரிய கம்பெனிகள். வடிவமைப்புப் பிரிவு, பெரிய தொழிற்சாலை எல்லாம் உண்டு. ஆனால் அவர்களுக்கு முக்கியம் தொழிற்சாலைகளும் பெரிய கிடங்குகளும். இரண்டாயிரம் சதுர அடிக்கு நேரடியாக வருவது அரிது. பத்திருபது விவசாயிகள் சேர்ந்த உற்பத்தியாளர் கம்பெனி பெரிய கிடங்கு போடுவதானால் அவர்களையும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, சென்னை, புதுச்சேரி, கோவைப் பக்கத்து நடுத்தரக் கம்பெனிகள். நம் அளவுக்கு ஏற்றவர்கள் இவர்கள். திறமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருப்பதும் இவர்களிடையேதான். சிலரிடம் சொந்த வடிவமைப்பாளர் இருப்பார். சிலர் வெறும் தரகர். ஆர்டர் எடுத்து வேறொரு பட்டறைக்குத் தள்ளிவிடுவார்கள். "வடிவமைப்பவர் யார்? அறுத்து ஒட்டும் பட்டறை எங்கே? வந்து பார்க்கலாமா?" என்ற மூன்று கேள்வியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, நம் ஊர் வெல்டிங் பட்டறை. சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள நெய்வேலியில் நல்ல வெல்டருக்குப் பஞ்சமில்லை. ஆயிரம் சதுர அடிக்குள், அகலம் 20, 25 அடி என்றால் பி.இ.பி.யே தேவையில்லை. குழாய் டிரஸ் வைத்து உள்ளூரிலேயே செய்யலாம். பின்னால் பழுது பார்க்கவும் ஆள் கிடைக்கும். ஆனால் காற்றுக்கு முன் உள்ளூர், வெளியூர் என்ற பேதம் கிடையாது. ஒரு பொறியாளரிடம் வரைபடம் வாங்கி, அதன்படி செய்யச் சொல்லுங்கள்.

வரைபடத்தை வேறொருவரிடம் சரிபார்ப்பதும் நல்லது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கட்டமைப்புப் பொறியியல் துறை இருக்கிறது. இதுபோன்ற துறைகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு வடிவமைப்பைச் சரிபார்த்துத் தருவது வழக்கம். மொத்தச் செலவில் அது சிறு தொகைதான்.

சதுர அடி விலை ஏன் ஏமாற்றும்?

அதே 2,400 சதுர அடிக்கு இரண்டு கொட்டேஷன் வருகிறது என்று வையுங்கள். முதல்வர் சதுர அடிக்கு 320 ரூபாய், மொத்தம் 7,68,000. இரண்டாமவர் 385, மொத்தம் 9,24,000. ஒன்றரை லட்சம் வித்தியாசம். யாராக இருந்தாலும் முதல்வர் பக்கம்தான் கை போகும்.

இப்போது இருவரிடமும் இரும்பின் எடையைக் கேளுங்கள். முதல்வர் 7,200 கிலோ என்கிறார். இரண்டாமவர் 9,600 கிலோ. வகுத்துப் பாருங்கள். முதல்வரின் விலை கிலோவுக்கு 107 ரூபாய்; இரண்டாமவருடையது 96. மலிவு என்று நினைத்தது விலை கூடியது! எடை கூடினாலே நல்ல கட்டடம் என்று ஆகிவிடாது. திறமையான வடிவமைப்பாளர் குறைந்த எடையிலும் உறுதி காட்டுவார். ஆனால் ஒரே காற்று வேகத்துக்குப் போட்டதாகச் சொல்லும் இருவருக்கிடையே கால் பங்கு எடை குறைந்தால், ஏன் என்று கேட்காமல் விடக்கூடாது.

ஷீட் தடிமனும் அப்படித்தான். "0.5 எம்.எம். ஷீட் சார்" என்பார்கள். அது துத்தநாக-அலுமினியப் பூச்சு, பெயின்ட் எல்லாம் சேர்த்த மொத்தத் தடிமன். உள்ளே எஃகு மட்டும் 0.42, 0.45 தான் இருக்கும். எந்தத் தடிமனைச் சொல்கிறார்கள், பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கொட்டேஷனில் எழுதச் சொல்லுங்கள். 150 கிராம் பூச்சை 'ஏ.இசட். 150' என்று குறிப்பார்கள். தூண் தகடுக்கு ஆலைச் சோதனைச் சான்று கேளுங்கள். ஐ.எஸ். 2062 என்ற தர எண் அதில் இருக்க வேண்டும்.

எது விலையில் சேர்த்தி, எது இல்லை என்பதையும் வரிவரியாகப் பாருங்கள். மழைநீர்த் தூம்பு, கூரை முகட்டுக் காற்றாடி, கதவு, கிரேன் வாடகை, லாரிக் கூலி, 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. இவை "தனி" என்று கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். தூம்பை விட்டுவிடாதீர்கள். 1,200 மி.மீ. மழை பெய்தால் இந்தக் கூரையில் மட்டும் இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் விழுகிறது. அது பண்ணைக்குட்டைக்குப் போகலாம். இல்லையென்றால் அடித்தளத்தை அரிக்கும்.

நம் பண்ணைக்கென்று சில கேள்விகள்

தொழிற்சாலைக்கு ஷெட் போட்டுப் பழகியவருக்கு நெல்லும் மாடும் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

மாட்டுக் கொட்டகையில் சாணமும் மூத்திரமும் கிளப்பும் அம்மோனியா, துத்தநாக-அலுமினியப் பூச்சைத் தின்னும். 10 ஆண்டு, 15 ஆண்டு உத்தரவாதம் என்று தரும் தாள்கள் பலவற்றில் கால்நடைக் கொட்டகைக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி இருக்கும். முழுத் தாளையும் பணம் கட்டுமுன் வாங்கிப் படியுங்கள். அமிர்தக் கரைசல், பஞ்சகவ்யா டிரம்களையும் தானியக் கிடங்கின் சுவரோரம் வைக்காதீர்கள்.

தகரத்தின் அடியில் மார்கழிப் பனியில் நீர் கோத்து, மூட்டைமேல் சொட்டும். கூரையின் அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பும், முகட்டில் காற்று வெளியேறும் வழியும், சுவரின் கீழ்ப்பகுதியில் கம்பிவலை போட்ட திறப்பும் கேளுங்கள். திறப்பு வைத்தால் காற்றுக் கணக்கு மாறும். ஆகவே வரைபடத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கட்டி முடித்த பின் ஷீட்டை வெட்டி ஜன்னல் வைக்கக்கூடாது.

பணம் கொடுக்கும் முறை

வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். மூன்று கொட்டேஷன் வாங்கச் சொல்வது சடங்குக்காக இல்லை. மூன்றும் ஒரே ஆள் தயாரித்தவையாக இருந்தால் ஒப்பிட எதுவும் இல்லை. நீங்களே ஒரு தாளில் அளவு, பயன்பாடு, காற்று வேகம், ஷீட் தடிமன், திறப்புகள் எழுதி மூவருக்கும் அதையே கொடுங்கள். அப்போதுதான் மூன்று பதிலும் ஒரே கேள்விக்கானதாக இருக்கும்.

ஜி.எஸ்.டி. எண்ணை அரசு இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர், முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். பணத்தை அந்தப் பெயரில் உள்ள நடப்புக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்குக் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

முன்பணத்தில் ஒரு சிறு பகுதி ஆர்டருடன். அடுத்தது கையெழுத்திட்ட வரைபடம் வந்ததும். பெரும்பகுதி சரக்கைப் பட்டறையில் எடை போட்டுப் பார்த்த பின். மிச்சம் நிறுத்தி முடித்ததும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சரக்கு ஏறுமுன் முழுப் பணமும் கேட்பது இந்தத் தொழிலில் சகஜம். அப்படியானாலும் ஒரு 5 விழுக்காட்டை வடகிழக்குப் பருவமழை ஒன்று கழியும்வரை நிறுத்தி வைக்கப் பேசிப் பாருங்கள். மழைக்குப் பின் ஒழுக்கு அடைக்க ஆள் வருவது அந்த 5 விழுக்காட்டுக்காகத்தான்.

கடன் வாங்குகிறவர்கள் 2020-இல் தொடங்கிய வேளாண் உட்கட்டமைப்பு நிதியைப் பற்றி வங்கியில் விசாரியுங்கள். கிடங்கு, உலர்த்துதல், தரம் பிரித்தல் போன்ற அறுவடைக்குப் பிந்தைய வேலைகளுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு, 7 ஆண்டு வரை 3 விழுக்காடு வட்டிச் சலுகை தரும் திட்டம் அது. இப்போதைய நிலையைக் கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சுரங்கத்தின் ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காகப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலத்தின் நாளைய கதி தெரியாத ஊர்களில் லட்சக்கணக்கில் ஷெட்டில் போடலாமா என்று கேட்கிறார்கள். பி.இ.பி.யில் அடித்தளம் தவிர மற்றதெல்லாம் போல்ட்டில் நிற்பது. கழற்றி வேறிடத்தில் நிறுத்த முடியும். அதற்குப் பகுதி எண் போட்ட வரைபடம் வேண்டும். வாங்கும்போதே அதைக் கேட்டு வையுங்கள். தளத்தில் வந்து வெல்டு வைத்து ஒட்டுகிறவர்களை அனுமதிக்காதீர்கள். நிலம் கையகப்படுத்தப்பட்டால் கட்டடத்தின் மதிப்பை நிலத்தின் மதிப்போடு சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது 2013 சட்டம். அப்போது பில்லும் வரைபடமும் பொறியாளர் சான்றும் கையில் இருப்பவர்தான் வாதாட முடியும்.

கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை

1. அடிப்படைக் காற்று வேகம் 50 மீட்டர் என்றும், ஐ.எஸ். 875 பகுதி 3 (2015)-இன்படி என்றும் வரைபடத்தில் இருக்கிறதா?
2. வடிவமைத்த பொறியாளரின் பெயர், தகுதி, கையெழுத்து இருக்கிறதா?
3. தூண்வாரியாக விசை அட்டவணை, மேல்நோக்கிய இழுவையுடன் தருவார்களா?
4. மொத்த இரும்பு எடை எவ்வளவு? எடைச் சீட்டு கிடைக்குமா?
5. ஷீட்டின் எஃகுத் தடிமன், பூச்சு எவ்வளவு? உத்தரவாதத்தில் விலக்குகள் என்ன?
6. மூலையிலும் ஓரத்திலும் ஸ்குரூ எத்தனை அங்குல இடைவெளி?
7. நிறுத்தும் ஆட்கள் கம்பெனி ஆட்களா? அவர்களுக்குக் காப்பீடும் பாதுகாப்புக் கயிறும் உண்டா?
8. கடலோர மாவட்டங்களில் ஐந்து மழைக்காலம் பார்த்த ஷெட் எங்கே நிற்கிறது? போய்ப் பார்க்கலாமா?

எட்டாவது கேள்விக்குக் கட்டாயம் நேரில் போங்கள், அதுவும் மழை நாளில். உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஸ்குரூ தலையில் துரு, வாஷரின் ஓரத்தில் ஒழுக்கு, மூலை ஷீட்டின் ஆட்டம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்த ஷெட்காரரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே, "கூப்பிட்டா வராங்களா?" என்று கேளுங்கள். எட்டுக்கும் எழுத்தில் பதில் தருகிறவர்களை மட்டும் விலை பேச உட்கார வையுங்கள்.